செம்பழுப்பு அறுநூறு, பச்சை இருநூறு

மரத்தில் ஓடு செய்து வீட்டுக்குக் கூரை போடுகிற ஊர் எந்த ஊரோ, எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் அப்படிப் போட்டால் முதல் மழையில் ஊறி, இரண்டாவது மழைக்குள் கரையான் தின்று, மூன்றாவது மழைக்கு வீட்டுக்காரன் குடை பிடித்துக்கொண்டு படுக்க வேண்டியதுதான். பொம்மை வீட்டுக்கு மழை ஏது? அதனால் நான் கேள்வி கேட்பதில்லை. அனுப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் ஷெட் போட்டுப் பொம்மை வீடு செய்கிற ஐஸ்வர்யா என்ற பெண், மாதம் இரண்டு தடவை ஸ்கூட்டரில் வந்து ஒரு பை நிறைய மர ஓடுகளைக் கொடுத்துவிட்டுப் போகும். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு, ஐஸ் குச்சியை விட மெல்லிசு. அவற்றுக்குச் சாயம் ஏற்றிக் காயவைத்துக் கொடுப்பது என் வேலை.

வேலை ஒன்றும் பிரமாதம் இல்லை. ஓட்டைச் சாயத்தில் முக்கி, இருபது மூச்சு விடும் நேரம் வைத்திருந்து எடுத்து, பழைய பனியன் துணியால் துடைக்க வேண்டும். துடைக்காமல் விட்டால் திட்டுத் திட்டாக நிற்கும். தரையில் பரப்பி வெயிலில் போட்டால் அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும். அதனால் கிழிந்த வலையை நாலு கம்பில் இழுத்துக் கட்டி, அதன் மேல் பரப்புவேன். மேலேயும் கீழேயும் காற்றுப் போகும், ஓடு நேராக நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்த ஐஸ்வர்யா, "சூப்பர் ஐடியாண்ணா" என்றது. ஐடியாவாவது ஒன்றாவது. நெத்திலி காயப்போட்டுப் பழகியவனுக்கு வேறு என்ன தெரியும்?

தேவேந்திரன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. இரண்டு வருஷமாக ஊரில் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. வேறு பெயர் வைத்துவிட்டார்கள். ஐஸ்வர்யா 'அண்ணா' என்று கூப்பிடுகிறதே, அது ஒன்றுதான் இப்போது என் காதில் விழுகிற நல்ல வார்த்தை. மற்ற நாட்களில் வாய் துருப்பிடித்துவிடுமோ என்று பயமாக இருக்கும். சோறு பொங்கும்போது "கொதிச்சிருச்சி" என்று சத்தமாகச் சொல்வேன். யாரிடம் சொல்கிறாய் என்று கேட்கவும் ஆள் கிடையாது.

இந்தச் சாய வேலையில் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. சிவப்பு எது, பச்சை எது என்று எனக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். நீலம் தெரியும், மஞ்சள் தெரியும். சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும் என் கண்ணுக்கு ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள். எல்லாருக்கும் அப்படித்தான் என்றே நீண்ட நாள் நினைத்திருந்தேன். கல்யாணமான நாலாம் நாள் என் பெண்டாட்டி திரௌபதி பழுத்த தக்காளி வாங்கிவரச் சொன்னாள். நான் ஒரு கிலோ பச்சைக் காயாகப் பொறுக்கிக்கொண்டு வந்து நின்றேன். முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் அவள் கண்ணை வைத்துத்தான் நான் பிழைத்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் கண் விஷயம் எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

தொழிலில் சமாளித்துக்கொள்ளலாம். ஆண் நண்டா பெண் நண்டா என்று வயிற்று மூடியைப் பார்த்தால் தெரியும். எதிரில் வருகிற படகின் விளக்குச் சிவப்பா பச்சையா என்று பார்த்து ஒதுங்குவது மட்டும்தான் என்னால் ஆகாது. அதனால் சுக்கான் பக்கம் போகவே மாட்டேன். வலை இழுப்பேன், தண்ணீர் இறைப்பேன். "தேவேந்திரன் சோம்பேறி, குந்திக்கினு படகு ஓட்டக்கூட உடம்பு வணங்க மாட்டான்" என்பார்கள். சோம்பேறி என்ற பெயர் எனக்கு வசதியாகவே இருந்தது.

கடலோடு சேர்ந்த எங்கள் உப்பு ஏரியில் நண்டு வலை போடும்போது அவரவர் மிதவையில் அவரவர் துணியைக் கட்டுவோம். என் துணி பச்சை. பக்கத்து வீட்டுக் கோதண்டத்தின் துணி சிவப்பு. திரௌபதி என் துணிக்கு மட்டும் இரட்டை முடிச்சுப் போட்டுக் கொடுப்பாள். விரலால் தடவினாலே என் வலை எது என்று தெரிந்துவிடும். அவள் செத்துப் போன மூன்றாம் மாதம் பழைய துணியெல்லாம் நைந்துவிட்டது. நானே பொன்னேரிக்குப் போய்க் கடையில் குவித்திருந்த துண்டுத் துணியில் ஒன்றைப் பொறுக்கி எடுத்தேன். இது பச்சைதானே என்று கடைக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரட்டை முடிச்சும் போடவில்லை. அதைப் பார்த்தாலே அவள் ஞாபகம் வந்து கை ஓடவில்லை.

மறுவாரம் கோதண்டத்தின் மூன்று வலையை என் வலை என்று நினைத்துத் தூக்கிவிட்டேன். அவன் விடியலில் வந்து பார்த்தால், என் கூடையில் அவன் நண்டு கிடக்கிறது. என் மிதவையில் எல்லாம் அவன் துணி மாதிரியே துணி தொங்குகிறது. ஊர்ப் பஞ்சாயத்தில் என்னை நடுவில் நிற்க வைத்து, "உன் துணி பச்சையாச்சே, எதுக்குச் சிவப்பு கட்டின?" என்று கேட்டார்கள். நான் கட்டியிருந்தது சிவப்பு என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்பீர்கள். மாட்டிக்கொண்ட பிறகு "எனக்குக் கலர் தெரியாது" என்றால் எந்த மடையன் நம்புவான்? இன்னொன்றும் இருந்தது. எங்கள் ஊர் மூர்த்திக்குக் கண் மங்கியபோது, ஊரே கூடிப் பேசி, ரொம்ப அன்பாக அவரைக் கரையில் உட்கார வைத்துவிட்டது. இனி எந்தப் படகிலும் ஏறக்கூடாது, உசிர் முக்கியம் என்றார்கள். அவரும் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு, போகிற படகையும் வருகிற படகையும் பார்த்துக்கொண்டே ஆறு வருஷம் இருந்து செத்தார். திருடனின் தண்டனைக்கு ஒரு முடிவு உண்டு. கண் கெட்டவனுக்கு முடிவு கிடையாது. நான் வாயைத் திறக்கவில்லை. கோயில் முன்னால் விழுந்து கும்பிட்டேன். இரண்டு வருஷம் யார் படகிலும் ஏறக்கூடாது, ஏரியில் வலை இறக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்தக் கெடு இந்தத் தையில் முடிய இருந்தது.

தைக்காகத்தான் நான் காத்திருந்தேன். மீனுக்காக இல்லை. ஒற்றை வயிற்றுக்குச் சாயம் போட்டே சோறு கிடைத்துவிடுகிறது. படகு என்றால் நாலு பேர் இருப்பார்கள். நாலு பேரும் ஓயாமல் பேசிக்கொண்டே வருவார்கள். எவன் மாமியார் எவனைத் திட்டினாள், எந்த எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது என்று உருப்படாத பேச்சுத்தான். அந்தப் பேச்சுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். எனக்கு அது போதும்.

இப்போது கார்த்திகையில் நடந்த கூத்துக்கு வருகிறேன். அந்தத் தடவை ஐஸ்வர்யா கேட்டது எண்ணூறு ஓடு. செம்பழுப்பு அறுநூறு, பாசிப் பச்சை இருநூறு. பழைய வீட்டின் கூரையில் பாசி பிடித்த மாதிரி நடுநடுவே பச்சை வர வேண்டுமாம். நன்றாக இருக்கிற கூரைக்குக் காசு கொடுத்துப் பாசி பூசுகிறார்கள். நான் வழக்கம்போலப் பச்சைச் சாயப் புட்டிக்குக் கழுத்தில் நூல் கட்டி வைத்தேன். பச்சை ஓடு மேல் வலையில், பழுப்பு ஓடு கீழ் வலையில். இடத்தை வைத்துத்தான் எனக்கு நிறம். ஒன்பது மாதமாக ஒரு தப்பும் வந்தது இல்லை.

ஆனால் வலை மேல் எதைக் காயவைத்தாலும் அது மீன்தான் என்று எங்கள் ஊர்க் காக்கைகளுக்கு எண்ணம். அன்றைக்கு நான் தண்ணீர் பிடிக்கப் போன நேரம், ஒரு பத்துக் காக்கைகள் மேல் வலையில் இறங்கி, சண்டை போட்டு, கம்பைச் சாய்த்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தால் மேல் வலை கீழ் வலை மேல் கிடக்கிறது. எண்ணூறு ஓடும் ஒன்றோடொன்று கலந்து, பாதி வலையில், பாதி மணலில். கொத்திப் பார்த்து மீன் இல்லை என்று தெரிந்த ஒரு காக்கை ஓட்டின் மேல் நின்று என்னையே குற்றவாளி மாதிரி பார்த்தது.

எல்லாவற்றையும் முறத்தில் பொறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன், நிழலில் பிடித்துப் பார்த்தேன். சிலது கொஞ்சம் அழுத்தமாக, சிலது வெளிறித் தெரிந்தன. அதை வைத்துப் பிரிக்கலாம் என்று நாற்பது ஓடு பிரித்தேன். மரமே ஒன்றுபோல் இல்லையே, சாயம் எப்படி ஒன்றுபோல் ஏறும் என்று சந்தேகம் வந்து, நாற்பதையும் திரும்பக் கொட்டினேன். மோந்து பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நக்கியும் பார்த்தேன். இரண்டும் ஒரே கசப்பு.

ஐஸ்வர்யாவுக்குப் போன் போட்டேன். "கலந்துபூட்ச்சிம்மா, காக்கா தள்ளிட்ச்சி" என்றேன்.

"அய்யோ, அதுக்கென்னண்ணா, கலர் பாத்துப் பிரிச்சு வச்சிடுங்க. அரை மணி நேர வேலை. மூணு மணிக்கு வந்து வாங்கிக்கிறேன், இன்னைக்கே ஒட்டியாகணும்" என்றது. சின்னக் குழந்தைகூடச் செய்கிற வேலை என்ற நினைப்பு அந்தக் குரலில் இருந்தது. அது நியாயம்தான். நான் "சரிம்மா" என்று வைத்துவிட்டேன்.

யாரையாவது கூப்பிட வேண்டும். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. காக்கை இருந்தது, அதைச் சொல்லவில்லை. பொன்னேரி மண்டபத்தில் ஊர்க் கல்யாணம். காலையிலேயே இரண்டு வேன் நிறைய ஏறிப் போய்விட்டார்கள். அழைப்புக்கு வந்த தாம்பூலத் தட்டு என் வீட்டு வாசலைத் தாண்டிப் போனதை நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மிச்சம் இருந்தது ஒரே ஆள். கோதண்டம். திருக்கை மீன் முள் குத்திக் கால் வீங்கி, பத்து நாளாக வீட்டோடு கிடந்தான். இரண்டு வருஷத்தில் அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசியது இல்லை.

மணி பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. முறத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவன் வாசலில் நின்றேன்.

கட்டுப் போட்ட காலை ஸ்டூல் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "இன்னா? ஊர்ல யாரும் இல்லன்னு பாத்துக்கினு வந்தியா?"

அது சுருக்கென்று தைத்தது. முறத்தை அவன் முன்னால் வைத்தேன். "இதுல பச்ச எது, செவப்பு எதுன்னு பிரிச்சிக் குடு."

"உனுக்கு இன்னா, கண்ணு பூட்ச்சா?"

"எனுக்குத் தெரியாது. பொறந்ததுலேந்து தெரியாது."

நம்பாமல் நிமிர்ந்து பார்த்தான். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காட்டினான். "இது இன்னா கலரு?"

"நீலம்."

தண்ணீர் மொள்ளுகிற மக்கைத் தூக்கினான். "இது?"

"பச்ச."

"செவப்புடா." குரல் மாறியிருந்தது. பக்கத்துத் தட்டில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அதில் ஒன்றையும், சமையலுக்கு வைத்திருந்ததில் ஒன்றையும் எடுத்து இரண்டு கையிலும் நீட்டினான். "இதுல எது பச்ச மொளகா?"

"தொட்டுப் பாத்து சொல்லட்டா?"

அவன் கையை இறக்கிவிட்டான். முறத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தான். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று விரல் சரசரவென்று போயிற்று. நான் எதிரில் தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். என்னால் மூன்று மணி நேரம் முடியாதது அவனுக்கு ஒரு யோசனைகூட இல்லாமல் வந்தது. பொறாமையாக இருந்தது.

பாதி முடிந்தபோது தலையைத் தூக்காமலே கேட்டான். "அன்னிக்கு ஏன்டா சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

"நம்பியிருக்க மாட்டேன்." இன்னும் ஒரு பத்து ஓடு போட்டான். "திருடன் திருடன்னு நான்தானே மொதல்ல கத்துனேன். ஊர்த் தலைவர் சாயங்காலம் வந்துடுவாரு. நானே போயி சொல்றேன். உன் பேரு சுத்தமாவட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சொல்லாத."

"இன்னாடா பேசற?"

"பேரு சுத்தமாயி? மூர்த்தி மாதிரி கரையில குந்திக்கினு வலை பொத்தவா? தையில என் கெடு முடியுது. திருடன்னா படகுல ஏத்துவாங்க. கண்ணு இல்லன்னா ஏத்த மாட்டாங்க. நான் திருடனாவே இருந்துட்டுப் போறேன், உட்ரு."

"எதிர்ல வர்ற போட்டு லைட்டு தெரியாம நீ..."

"முப்பது வருசத்துல என்னிக்காவது சுக்கான் புடிச்சனா?"

அவன் கை நின்றது. "சோம்பேறினுதான் நெனச்சோம்" என்றான் மெதுவாக. பிறகு, "எம்புள்ள பிரசாந்தும் இப்ப தொழிலுக்கு வரான்டா" என்றான்.

என்னோடு ஒரே படகில் வந்தால் அந்தப் பிள்ளைக்கு ஆபத்து என்று பயப்படுகிறான். இரண்டு வருஷமாக மனசில் கிடந்தது வாயில் வந்துவிட்டது. "பேசறதுக்கு ஆளு இல்லடா, கோதண்டம்" என்றேன். அவமானமாக இருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

தலைவரிடம் சொல்வேன் என்றும் அவன் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மிச்ச ஓட்டைப் பிரித்து, இரண்டு பையில் போட்டு, ஒரு பையின் வாயை முடிச்சுப் போட்டுக் கொடுத்தான். "முடிச்சு போட்டது பச்ச" என்றான். மூன்று மணிக்கு ஐஸ்வர்யா வந்து பையைத் திறந்து பார்த்துவிட்டு, "பர்ஃபெக்ட்ணா" என்றது. நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு தை வரைக்கும் கோதண்டம் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. கால் சரியாகித் தொழிலுக்குப் போக ஆரம்பித்தான். வாசலில் யார் நடந்தாலும் தலைவர் ஆள் அனுப்பிவிட்டாரோ என்று கதவிடுக்கு வழியாகப் பார்ப்பேன். இரண்டு தடவை சாயத்தில் மூச்சு எண்ண மறந்து, ஓடு கறுத்துப் போயிற்று.

தை பிறந்து முதல் வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் ஊர் கூடியது. தலைவர் என் பெயரைச் சொல்லி, கெடு முடிந்தது, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். கோதண்டம் எழுந்தான். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். மூர்த்தி உட்கார்ந்திருந்த இடம்தான் கண் முன்னால் வந்தது.

"திருடுனான், தண்டனை அனுபவிச்சிட்டான்" என்றான் கோதண்டம். "பறிகொடுத்தவன் நான். நானே என் படகுல ஏத்திக்கிறேன். பகல் தொழிலுக்கு மட்டும். சுக்கான் அவன் கையில தர மாட்டேன், மெதவை பாத்து வலை எடுக்கவும் உட மாட்டேன். நான் சொல்றத இழுக்கட்டும்."

"பின்ன, அவன் கையில குடுத்தா அப்டியே தூக்கினு பூடுவான்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். கோதண்டம் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. நான் மறுபடியும் விழுந்து கும்பிட்டேன். போன தடவை யாருக்கென்று தெரியாமல் விழுந்தேன். இந்தத் தடவை தெரிந்தது.

திங்கட்கிழமை காலை வெயில் ஏறியதும் படகு கிளம்பியது. கோதண்டம் சுக்கானில். அவன் பிள்ளை பிரசாந்த் முன்னால். நடுவில் நானும், தமிழ்வாணன் என்ற எங்கள் தெருவின் கோடி வீட்டுப் பையனும். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அடியில் பலகை ஆடியது. ஏரித் தண்ணீர் முகத்தில் தெறித்தது. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது. பொன்னேரிக் கல்யாணத்தில் பிரியாணி தீர்ந்துபோய் மாப்பிள்ளை வீட்டார் சண்டை போட்ட கதையைத் தமிழ்வாணன் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்தது. வெகு நாள் கழித்து வந்த சிரிப்பு, இருமல் மாதிரி வந்தது.

தமிழ்வாணன் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் உட்கார்ந்திருந்த பலகையில், என் பக்கத்தில், அவன் செல்போனும் நாஷ்டா டப்பாவும் இருந்தன. இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்ப் பிரசாந்த் காலடியில் வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துகொண்டான்.

கோதண்டத்தின் வாய் திறந்தது. அவன் முகம் இருந்த இருப்பில், எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிடுவான் போலத் தெரிந்தது. வேண்டாம் என்று நான் தலையாட்டினேன். கெஞ்சித்தான் ஆட்டினேன். அவன் வாயை மூடிக்கொண்டு தூரத்தில் தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தான்.

"அப்புறம் இன்னா ஆச்சின்னா" என்று தமிழ்வாணன் பிரசாந்திடம் கதையைத் தொடர்ந்தான். எஞ்சின் சத்தத்தில் பாதிதான் கேட்டது. நான் இருந்த இடத்திலேயே கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, அதைக் கேட்டுக்கொண்டு போனேன்.